பழைய வீடியோ கேசட்டிலிருந்து கச்சேரியும் பேட்டியும்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நாகஸ்வர வித்வானின் வாசிப்பைத் தேடி இணையம் முழுக்க அலைகிறவர்கள் பெரும்பாலும் தேடாத இடம் ஒன்று உண்டு. அவர் வாசித்த கல்யாணங்களின் வீடியோ கேசட்தான் அது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னாலேயே, வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒன்றாவது டெக்கும் (வீடியோ கேசட்டை ஓட்டும், பதியும் கருவி) வந்து சேர்ந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் திருப்பாதிரிப்புலியூரிலும் வில்லியனூரிலும் பாகூரிலும் நடந்த கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், தேர், கூத்து என்று எத்தனையோ நாடாவில் ஏறின. இசைத்தட்டுக்கும் வானொலிக்கும் போகாத எத்தனையோ மேளக்காரர்களும் கூத்து வாத்தியார்களும் அந்த நாடாக்களில் மட்டுமே உயிரோடு வாசித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருக்கிறார்கள்.

தொலைக்காட்சியிலிருந்து டெக்கில் பிடித்துவைத்த நிகழ்ச்சிகள் இன்னொரு வகை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தக் காலத்தில் நாடா விலை உயர்ந்த பொருள். ஒளிபரப்பி முடிந்ததை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியதைப் பதிவது உலகெங்கும் தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த வழக்கம். அதனால் யாரோ ஒரு ரசிகர் வீட்டில் பிடித்துவைத்த எழுத்தாளர் பேட்டிதான் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியாக இருக்கலாம். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 2015இல் மறைந்தார். புதுச்சேரியின் பிரபஞ்சன் 2018இலும், புதுச்சேரியையே தன் ஊராக்கிக்கொண்ட கி.ரா. (கி. ராஜநாராயணன்) 2021இலும் போய்விட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து இனி ஒரு புது வார்த்தை பதிவாகப் போவதில்லை. பேசியது எங்கே இருக்கிறதோ அங்கிருந்து மீட்பது ஒன்றே வழி.

இந்த வேலையில் இப்போதுதான் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாடாவைக் கணினிக் கோப்பாக மாற்றுவதை எந்தக் கடையிலும் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, பக்கத்தில் தவில் வாசிப்பவர் யார் என்று எழுதிவைப்பதை எந்தக் கடையும் செய்து தராது. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

கேசட்டைத் தேடுவது

சொந்த வீட்டுப் பரணிலிருந்தே தொடங்கலாம். கல்யாண வீடியோ கிடைத்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் மிக்ஸிங் செய்த பிரதி. இதய வடிவச் சட்டத்துக்குள் மணமக்கள் சுழல்வார்கள், மேளம் வாசித்த இடத்திலெல்லாம் சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருப்பார்கள். வித்வானின் விரல்கள் அசையும், காதில் விழுவது வேறு பாட்டாக இருக்கும். நமக்கு வேண்டியது கேமராவிலிருந்து நேராக வந்த மூலக் கேசட். படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா, அவர் பிள்ளைகள் கடையை நடத்துகிறார்களா என்று விசாரியுங்கள். ஸ்டுடியோவின் பெயர் கேசட் உறையிலோ படத்தின் தொடக்கத்திலோ இருக்கும். மூலக் கேசட்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தியவர்கள் பலர். மூட்டை கட்டி வைத்தவர்களும் உண்டு, கேட்டால்தான் தெரியும்.

பிறகு கோயில் விழாக் குழுவினர், கூத்து ஜமாவை (கூத்துக் குழுவை) வரவழைத்த ஊர்ப் பெரியவர்கள், பள்ளி ஆண்டு விழாக்களைப் பதிவு செய்த ஆசிரியர்கள் என்று வட்டத்தைப் பெரிதாக்குங்கள். சிதம்பரத்தில் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி 1981இல் தொடங்கியது. அங்கே ஆடிய பிள்ளைகளின் பெற்றோர் கையில் கேமரா இருந்திருந்தால், பாடியவர்களும் மிருதங்கம் வாசித்தவர்களும் அந்தச் சட்டத்தில் விழுந்திருப்பார்கள்.

கேசட்டை வாங்கும்போது ஒரு நோட்டில் எழுதி, கொடுப்பவரிடமும் அதன் நகலைத் தாருங்கள். யாருடையது, எத்தனை கேசட், உறையில் என்ன எழுதியிருந்தது, எப்போது திருப்பித் தருவதாகச் சொன்னீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு வீட்டில் சொன்ன நாளில் கேசட் திரும்பிவிட்டால் அடுத்த நான்கு வீடுகளின் கதவு தானாகத் திறக்கும்.

டெக்கில் போடும் முன்

கேசட்டின் முதுகுப் பக்கம், இடது ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது இருக்கிற வரை அந்தக் கேசட்டின் மேல் மறுபடியும் பதிவு செய்ய முடியும். டெக்கில் தவறான பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும், சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் வாசிக்கும் ஒரு மல்லாரி முழுவதும் போய்விடும். வேறு எதைத் தொடுவதற்கும் முன் அந்தத் தகட்டைத் திருப்புளியால் நெம்பி எடுத்துவிடுங்கள். ஹை8 (Hi8), மினிடிவி (MiniDV) போன்ற சிறிய கேசட்டுகளில் தகட்டை உடைக்க வேண்டாம், தள்ளிவிடும் பூட்டு ஒன்று இருக்கும்.

அடுத்து மூடியைத் திறந்து நாடாவைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்மூடியை உயர்த்தினால் நாடா தெரியும். பளபளப்பாக, ஒரே கறுப்பாக இருந்தால் நல்லது. கண்ணாடிச் சன்னல் வழியாகச் சுருளின் விளிம்பையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே வெள்ளைப் பொடியோ நூல் நூலான படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. நம்முடையது கடற்கரை ஊர், காற்றிலேயே ஈரம் இருக்கிறது. பரணில் முப்பது ஆண்டு கிடந்த கேசட்டில் பூஞ்சை இருப்பதில் வியப்பில்லை. அந்தக் கேசட்டை ஓட்டவே கூடாது. ஓட்டினால் பூஞ்சை, நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டில் ஏறி, அடுத்து வரும் நல்ல கேசட்டுக்கும் பரவும். உறையோடு தனிப் பையில் போட்டு மற்றவற்றிலிருந்து ஒதுக்கிவையுங்கள். நாடாவைச் சுத்தம் செய்து பழகியவர்களிடம் மட்டும் கொடுங்கள். கையாளும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது.

2004 சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரை பட்டது கொஞ்சமல்ல. தண்ணீரில் நனைந்து காய்ந்த கேசட்டுகள் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை வெயிலில் வைத்தோ ஹேர் டிரையரைக் காட்டியோ உலர்த்தப் பார்க்காதீர்கள். சூட்டில் நாடா சுருங்கி நெளியும். நனைந்தவற்றையும் தெரிந்தவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

நல்ல நிலையில் இருக்கும் கேசட் என்றால், ஒரு முறை கடைசிவரை முன்னோக்கி ஓட்டி, மறுபடியும் தொடக்கத்துக்குச் சுற்றுங்கள். பல ஆண்டுகள் ஒரே நிலையில் கிடந்த நாடா சீராக இறுகும்.

டெக்கும், ஒரு புதுச்சேரிச் சிக்கலும்

உலகில் கடைசியாக டெக் தயாரித்துவந்த ஜப்பான் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இனிக் கிடைப்பதெல்லாம் பழையதுதான். காந்தி வீதியின் ஞாயிறு சந்தை, பழைய மின்சாதனக் கடைகள், டிவி மெக்கானிக்குகளின் பட்டறைகள் என்று தேடுங்கள். வாங்கியதும் பெல்ட், ரப்பர் உருளைகளை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இறுகிப்போன ரப்பர்தான் நாடாவைத் தின்கிறது. ஹெட்டைச் சுத்தம் செய்யச் சொன்னால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் துண்டை ஹெட் பதிந்திருக்கும் உலோக உருளையின்மேல் அசையாமல் வைத்து, அந்த உருளையைத்தான் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முறிந்துவிடும். பிறகு, போனாலும் கவலையில்லாத ஒரு பழைய கேசட்டை முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அரிய கேசட்டை உள்ளே போட வேண்டும்.

புதுச்சேரியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய சொல்தா குடும்பங்களிலும் பிரான்சில் உறவினர் இருக்கும் வீடுகளிலும் அங்கே பதிவான கேசட்டுகள் இருக்கும். பாரிஸ் பக்கத்தில் நடந்த பொங்கல் விழாவில் ஒரு பாட்டு, இங்கிருந்து போன பெரியவர் ஒருவருடைய பேட்டி என்று நல்ல சரக்கு அவற்றில் உண்டு. தொலைக்காட்சிப் படத்தை அனுப்ப நம் நாட்டில் இருந்தது பால் (PAL) முறை, பிரான்சில் இருந்தது செக்காம் (SECAM) முறை. இரண்டிலும் 625 வரிகள்தான், நிறத்தை அனுப்பும் விதம் மட்டும் வேறு. அதனால் செக்காம் கேசட்டை நம் டெக்கில் போட்டால் படம் ஒழுங்காக ஓடும், ஆனால் கறுப்பு வெள்ளையில் ஓடும். நிறம் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டி அப்படியே பதிவு செய்துவிடாதீர்கள். செக்காமும் ஏற்கும் மல்டி சிஸ்டம் டெக் ஒன்றைத் தேடுங்கள், பட்டுப் புடவையின் நிறம் திரும்பிவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் என்றால் படமே நிற்காமல் உருளும். அதுவும் கேசட்டின் குறையில்லை, அங்கே முறை வேறு.

கணினிக்குக் கொண்டுவருவது

டெக்கின் பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. அங்கிருந்து ஏ.வி. கேபிள் வழியாக, படத்தை டிஜிட்டலாக மாற்றும் ஒரு கேப்சர் கருவி, அதிலிருந்து யூஎஸ்பி வழியாகக் கணினி. பதிவு மென்பொருளுக்கு இலவசமான ஓ.பி.எஸ். (OBS Studio) போதும். படம் நடுங்கினாலோ ஒலியும் உதடும் போகப்போக விலகினாலோ, இடையில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை இணைத்து அதன் வழியாக அனுப்பிப் பாருங்கள். பல நேரம் சீராகிவிடும். மினிடிவி கேசட்டுக்கு இந்த வழி வேண்டாம். அது ஏற்கெனவே டிஜிட்டல். அதற்குரிய கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிளில் அப்படியே இறக்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும், தரம் ஒரு துளியும் குறையாது.

பால் கேசட்டை 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 சட்டங்கள் (frames) என்று வைத்துப் பதியுங்கள். படத்தின் வடிவம் நாலுக்கு மூன்றாகவே இருக்கட்டும். இன்றைய அகலத் திரைக்காக இழுத்தால் வித்வான் குட்டையாகிவிடுவார். இடம் இருந்தால் தரம் குறையாத எஃப்.எஃப்.வி.1 (FFV1) முறையில் ஒரு மூலக் கோப்பு வையுங்கள். பார்க்கவும் அனுப்பவும் எம்.பி.4இல் தனிப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

ஒலி அளவை வைப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பேச்சைக் கேட்டு அளவு வைத்தால் தவில் வந்ததும் ஒலி உடைந்து கரகரக்கும். கல்யாணக் கேசட்டில் இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டுங்கள். அங்கே வரும் கெட்டிமேளத்தைவிட உரத்த ஒலி அந்தக் கேசட்டில் பெரும்பாலும் இருக்காது. அந்தச் சத்தம் அளவுமானியில் உச்சியைத் தொடாமல், மைனஸ் 6 டெசிபெல் பக்கம் நிற்கும்படி வைத்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். தவில் அடி விழும்போதெல்லாம் நாகஸ்வரம் அமுங்கி, பிறகு மெல்ல மேலே வருவதுபோல் சில இடங்களில் கேட்கும். அது உங்கள் தவறன்று. அக்காலக் கேமராக்கள் ஒலியைத் தாங்களே ஏற்றி இறக்கிக்கொண்டன, அப்படியேதான் நாடாவில் பதிந்திருக்கிறது.

மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. நிகழ்ச்சி முடிந்து திரை நீலமானாலும் நிறுத்தாதீர்கள், நாடா தீரும்வரை விடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று பதிந்த கேசட்டுகளில், புதிய பதிவு முடிந்த இடத்துக்கு அப்பால் பழைய பதிவின் வால் மிஞ்சியிருக்கும். கோயில் கச்சேரியின் கடைசிப் பத்து நிமிடங்கள் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் பின்னால் அப்படி ஒளிந்திருக்கலாம்.

இதையெல்லாம் வீட்டில் செய்ய முடியாதவர்கள் ஸ்டுடியோவில் கொடுக்கலாம். கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: முழுக் கேசட்டும் வேண்டும், தலைப்பு, லோகோ, பாட்டு எதுவும் சேர்க்கக் கூடாது, டிவிடி வேண்டாம், கோப்பாகத் தர வேண்டும், கேசட்டைத் திருப்பித் தர வேண்டும். செயற்கை நுண்ணறிவால் படத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். அது தெரியாத முகத்துக்குத் தானாக ஒரு முகத்தை வரைகிறது. மங்கலாக இருந்தாலும் அவர் முகம் அவருடையதாகவே இருக்கட்டும்.

பெரியவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது

கோப்பு தயாரானதும் அதை வெட்டவோ ஏற்றவோ முனையாதீர்கள். ஒரு டேப்லெட்டிலோ டிவியிலோ போட்டு, விவரம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். கைபேசியை நடுவில் வைத்து அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். படத்தின் ஒலி அந்தப் பதிவிலும் கேட்கட்டும். அப்போதுதான் எந்த இடத்தைப் பார்த்து என்ன சொன்னார் என்று பின்னால் பொருத்திக்கொள்ள முடியும்.

“யார் தாத்தா இது?” என்று மட்டும் கேட்டால் ஒரு பெயரோடு நின்றுவிடும். “இவரை யார் கூட்டிவந்தார்கள், எந்த ஊர் மேளம்?” என்று கேட்டுப் பாருங்கள். ஊர், குரு, அண்ணன் தம்பி, எந்தக் கோயிலில் முறை வைத்திருந்தார் என்று வரிசையாக வரும். சுருதிக்கு ஒத்து ஊதுகிறவரையும் தாளம் போடும் சிறுவனையும் மறக்காமல் கேளுங்கள். அந்தச் சிறுவன் இன்று பெரிய வித்வானாக இருக்கலாம். கூத்து என்றால், கட்டியக்காரன் யார், பின்பாட்டு யார், முகவீணை வாசித்தவர் யார் என்று ஒவ்வொருவராகக் குறியுங்கள். ராகம் தெரியவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையும் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடமும் இருக்கின்றன. அங்கே படித்தவர் யாரேனும் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுச் சொல்லிவிடுவார்.

நாளைக் கண்டுபிடிக்கப் படமே நிறைய உதவும். கேமராத் திரையில் தெரியும் தேதியை மட்டும் நம்பாதீர்கள், கடிகாரத்தைச் சரிசெய்யாமலே எடுத்தவர்கள் அதிகம். கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் தமிழ் ஆண்டு இருக்கும். பிரமோதூத என்றால் 1990-91, பிரஜோத்பத்தி என்றால் 1991-92. பின்னணியில் கடைப் பலகையோ அரசு அலுவலகப் பலகையோ தெரிந்தால் படத்தை நிறுத்திப் படியுங்கள். தென்னாற்காடு மாவட்டம் 1993 செப்டம்பரில் பிரிந்தது. பலகையில் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்று இருந்தால், கேசட் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. 1997இல் அந்தப் பெயரும் கடலூர் மாவட்டம் என்று ஆனது. புதுச்சேரிப் பக்கம் ஆங்கிலப் பலகைகளில் பாண்டிச்சேரி என்ற பெயர் 2006 அக்டோபர் வரை அதிகாரப்பூர்வமாக இருந்தது. பழைய பலகையை யாரும் உடனே கழற்றுவதில்லை. அதனால் பழைய பெயர் உறுதியான சான்றில்லை, புதிய பெயர்தான் உறுதியான சான்று. சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர், தேர்தல் சின்னம், ஸ்கூட்டரின் எண் பலகை எல்லாமே துப்புதான்.

கிடைத்ததைக் கோப்பின் பெயரிலேயே தொடங்குங்கள்: ‘1991-02_திருப்பாதிரிப்புலியூர்_கல்யாணம்_நாகஸ்வரம்_கேசட்1’ என்பது போல. உடன் ஒரு எழுத்துக் கோப்பில் பெயர்கள், நிமிடக் கணக்கு, யார் எடுத்தது, கேசட் யாரிடம் உள்ளது, எந்தத் தகவலை யார் சொன்னார் என்பதையெல்லாம் எழுதுங்கள். இரண்டு பெரியவர்கள் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே இருக்கட்டும். ஊகத்தை உண்மைபோல் எழுதிவிட்டால் அது இணையம் முழுக்கப் பரவும், பிறகு யாராலும் திருத்த முடியாது.

துண்டு எடுப்பது

மூலக் கோப்பைத் தொடாமல், பிரதியிலிருந்து வெட்டுங்கள். ஆலாபனையின் முதல் மூச்சுக்குச் சற்று முன்னால் தொடங்கி, முடிந்தபின் ரசிகர்களின் முணுமுணுப்பும் வித்வான் வெற்றிலையை எடுப்பதும் வரை விடுங்கள். பேட்டியில் கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் வைக்கக் கூடாது. எழுத்தாளர் கோபமாகச் சொன்ன ஒரு வரிக்கு முன்னால் என்ன கேட்கப்பட்டது என்பதும் அவருடைய பதிலில் ஒரு பகுதி. கவர்ச்சியான தலைப்புக்காக அந்தக் கோப வரியை மட்டும் அறுத்து ஏற்றுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது.

ஏற்றலாமா, கூடாதா

காப்புரிமைச் சட்டம் 1957இன்படி, படப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாடியவர், வாசித்தவர், ஆடியவருக்கு நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். ஒளிபரப்பு நிலையத்தின் ஒளிபரப்பு உரிமை 25 ஆண்டுகள்தான், ஆனால் அது முடிந்தாலும் படப்பதிவின் உரிமை தொடரும். ஆகவே 1988இல் தூர்தர்ஷனிலிருந்து பிடித்த பேட்டியை நீங்களாக முழுதாக ஏற்றுவது சரியில்லை. முதலில் பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தின் யூடியூப் பக்கத்தில் தேடுங்கள், அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் உங்களிடம் இருக்கிறது என்று நிலையத்துக்கு எழுதுங்கள்.

குடும்பக் கேசட் என்றால் வீட்டாரிடமும் படம் எடுத்தவரிடமும் வாசித்தவர் அல்லது அவர் வாரிசிடமும் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். பந்தியில் சாப்பிடுகிறவர்கள், உடை மாற்றும் அறைப் பக்கம் போன குழந்தைகள் எல்லாம் படத்தில் இருப்பார்கள். மேளத்தை மட்டும் எடுத்தால் போதும். பொதுவில் வேண்டாம் என்று ஒரு வீட்டில் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். கோப்பும் குறிப்பும் உங்களிடம் பத்திரமாக இருந்தாலே பாதிக்கும் மேல் வேலை முடிந்தது. யூடியூபில் கைபேசி எண்ணை உறுதிப்படுத்தாத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது, முதலிலேயே உறுதிப்படுத்திவிடுங்கள். யூடியூப் தன் விருப்பப்படி கோப்பைச் சுருக்கிவிடும் என்பதால் அதையே சேமிப்பு இடமாக நினைக்க வேண்டாம்.

பாதுகாத்து, திருப்பிக் கொடுப்பது

மூன்று பிரதிகள் வையுங்கள். இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கட்டும். மூன்றாவது கடற்கரையிலிருந்து தள்ளி, நெய்வேலியிலோ சேலத்திலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். தரைத்தளத்தில் எதையும் வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்கும் முன் எல்லாவற்றையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். கோப்பு வந்துவிட்டது என்று கேசட்டைத் தூக்கிப் போடவும் கூடாது. சிலிக்கா ஜெல் பையோடு நிமிர்த்தி வைத்துவிடுங்கள், ஸ்பீக்கரும் மோட்டாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

கடைசியாக, படத்தில் வாசித்தவரின் வீட்டுக்கு ஒரு பிரதி போக வேண்டும். தங்கள் அப்பா வாசித்ததைக் கேட்டிருக்கிறார்களே தவிர, பார்த்தே இராத பிள்ளைகள் பல மேளக்காரர் வீடுகளில் இருக்கிறார்கள். இணைப்பு அனுப்பினால் போதும் என்று இருந்துவிடாமல், பென் டிரைவில் எம்.பி.4 கோப்பாகப் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் வீட்டு டிவியில் செருகி, படமும் ஒலியும் ஒழுங்காக வருகின்றனவா என்று அங்கேயே பாருங்கள். பெயர்க் குறிப்பையும் அச்செடுத்துக் கையில் கொடுத்து, பிழை இருந்தால் திருத்திச் சொல்லச் சொல்லுங்கள்.